வட்டுவாகல் பாலத்தடியில் வெள்ளைத் தலைக் கடற்காகம்: அடையாளம் சொல்லுங்கள்

அண்ணாமார், அக்காமார், வணக்கம். சித்திரை பிறந்ததிலிருந்து விடியக் காலையில் முல்லைத்தீவு நந்திக்கடல் களப்புக் கரையில் நிற்கிறேன். பழுப்புத்தலைக் கடற்காகங்கள் நாற்பது, ஐம்பது இருக்கும். பலவற்றின் தலை இப்போது கோப்பி நிறமாகிவிட்டது. அவற்றுக்கு நடுவே ஒன்றுக்கு மட்டும் தலை வெள்ளை வெளேரென்று இருக்கிறது. நெற்றி சரிந்து நீண்ட கருஞ்சிவப்பு அலகோடு சேருகிறது, நெஞ்சில் லேசான ரோசாச் சாயல். பறந்தபோது சிறகின் முன்னோரம் நீளமாக வெள்ளை, நுனியில் மட்டும் கறுப்பு. பழுப்புத்தலைக்கு அந்தக் கறுப்பு அகலமாக, உள்ளே வெள்ளைப் பொட்டோடு இருக்குமே.

இது மெல்லலகுக் கடற்காகமா? மன்னார், வங்காலைப் பக்கம் அதைப் பார்த்தவர்கள் படத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். கண்ணின் நிறம் படத்தில் தெளிவில்லை. நாளைக்கு வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

அப்புறம், சேற்றில் செங்கல் நிறத்தில் இரண்டு உள்ளான்கள், அலகு கறுத்துக் கீழே வளைந்திருந்தது. அவை இனப்பெருக்க நிறத்துக்கு மாறிய கர்லியூ சாண்ட்பைப்பர் என்றே நினைக்கிறேன், சரிதானே? சைபீரியாவுக்குக் கிளம்பும் காலம், எந்த விடியலிலும் போய்விடலாம். தொலைநோக்கி உள்ளவர் யாராவது இந்தக் கிழமை முல்லைத்தீவுக்கு வர முடியுமா?