புதுப்பிப்பு: பாளையங்கோட்டையில் பூக்காதிருந்த ஆப்பிரிக்க வயலட் பூத்துவிட்டது

இலை செழித்தும் பூ வராத ஆப்பிரிக்க வயலட் தொட்டிச்செடியைப் பற்றி இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது, வடக்கு ஜன்னலிலிருந்து கிழக்கு ஜன்னலுக்கு மாற்றச் சொன்ன யோசனைதான். உரத்தை மாற்றவில்லை என்பதால் வெளிச்சமே காரணம் என்று கருதுகிறேன். தான்சானியாவின் உசம்பரா மலைக்காடுகளில் பாறை இடுக்குகளில் நிழலில் வளரும் இச்செடிக்கு நேர்வெயில் ஆகாது. வெளிச்சம் குறைந்தாலும் மொட்டு வைக்காது. ஆகவே காலை வெயில் மெல்லிய வேட்டித் திரையின் வழியாக விழும்படி வைத்தேன். இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கங்களில் மயிரடர்ந்த சிறு மொட்டுகள் தோன்றி, இப்போது ஊதா நிறத்தில் விரிந்திருக்கின்றன.

தொட்டியின் கீழே வைத்த நீரை ஒரு திரி உறிஞ்சி மண்ணுக்கு ஏற்றும் திரி முறையும் நல்லதே. இலை நனையாததால் புள்ளி விழவில்லை. ஆனால் எதிர்பாராத ஒன்று நேர்ந்தது: எங்கள் ஆழ்குழாய்க் கிணற்று நீரின் உப்பு திரி வழியே ஏறித் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்தது, அதில் உரசிய இலைக்காம்புகள் பழுப்பேறிச் சுருங்கின. விளிம்பைத் துடைத்து, தாமிரபரணிக் குடிநீருக்கு மாறி, அவ்வப்போது மேலிருந்து ஊற்றி மண்ணின் உப்பையும் கழுவி வடியவிடுகிறேன். அதன்பின் வந்த காம்புகள் நலமாக உள்ளன.

உப்புநீர்ப் பகுதியில் இருப்பவர்கள் திரி முறையைத் தொடங்குமுன் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.