மறு: லெட்டரிங் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பெயர்ப்பலகை, சின்னம் போன்றவற்றுக்காக எழுத்துகளை வரையும் 'லெட்டரிங்' கலையைத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு இதுவரை வந்த பரிந்துரைகள்: கையெழுத்துக்கலை, அழகெழுத்து, எழுத்தோவியம், தீட்டெழுத்து. கடைசியைச் சொன்ன ஐயா கோபிக்கக் கூடாது. "தீட்டு" என்று தொடங்கும் சொல்லை எந்தக் கடைக்காரரும் தன் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் விட மாட்டார். எழுத்தோவியம் நல்ல சொல்தான். ஆனால் எழுத்துகளை அடுக்கி முகம் வரைவதற்கும், ஒருவரைப் பற்றி எழுதும் சொற்சித்திரத்துக்கும் அது ஏற்கெனவே புழங்குகிறது.

> கையால் செய்வதுதானே இதன் உயிர்? 'கை' இல்லாத சொல் எப்படிப் பொருந்தும்?

நண்பர் ஒருவர் கேட்ட இந்தக் கேள்வியில்தான் எனக்கு உடன்பாடில்லை. இன்று பாதிப் பேர் ஐபேடில் வரைகிறார்கள், அதுவும் லெட்டரிங்தான். கருவியை வைத்துப் பெயரிட்டால் நாளைக்கே பழசாகிவிடும். அதோடு, 'கையெழுத்து' என்றதும் எல்லாருக்கும் வங்கிக் காசோலைதான் நினைவுக்கு வரும்.

'அழகு', 'வனப்பு' இரண்டும் கேலிகிராஃபிக்குப் போகட்டும். வனப்பெழுத்து என்று அதற்கு வழக்கும் உண்டு. அங்கே பட்டைப் பேனா ஒரே இழுப்பில் ஓடும், எழுத்து எழுதப்படுகிறது. லெட்டரிங்கில் எழுத்து வரையப்படுகிறது. முதலில் எல்லைக்கோடு, பிறகு திருத்தம், பிறகு நிரப்பு. எழுத்துரு (ஃபாண்ட்) மூன்றாவது வகை: ஒருமுறை செய்துவைத்தால் எந்தச் சொல்லுக்கும் வரும்.

லெட்டரிங் அந்த ஒரு சொல்லுக்கு மட்டுமே ஆனது, அதன் கவர்ச்சியும் அதுதான். கோகோ கோலா சின்னத்தைப் பாருங்கள். 1886இல் அந்தப் பானத்தை உருவாக்கிய பெம்பர்ட்டனின் கணக்காளர் ஃபிராங்க் ராபின்சன், ஸ்பென்சேரியன் என்ற அன்றைய அலங்காரக் கையெழுத்துப் பாணியில் வரைந்தது. முதல் 'சி'யின் வால் அடுத்த எழுத்துகளின் அடியில் ஓடுகிறது. வேறு சொல்லில் அந்த வாலுக்கு வேலையே இல்லை.

நம் ஊர் போர்டு ஆர்ட்டிஸ்டுகளிடம் இது இன்னும் தெளிவு. சாக்பொடி தடவிய நூலை இரு முனையிலும் பிடித்துச் சுண்டி, மேல்கோடும் கீழ்கோடும் போட்டுக்கொள்வார்கள். பிறகு சாக்பீஸில் சொல்லை ஒருமுறை இலேசாக ஓட்டிப் பார்ப்பார்கள். 'மீனாட்சி' என்று எழுத வேண்டுமானால் ட் ஒரு தொல்லை: இடப்பக்கம் ஒரு தூண், அடியில் ஒரு கோடு, மேலே வலப்பக்கம் வெறும் ஓட்டை. கைதேர்ந்தவர் புள்ளியைத் தலைக்கு மேல் வைக்காமல் அந்த ஓட்டைக்குள் இறக்கிவிடுவார். மேல்கோடும் சமமாகும், ஓட்டையும் அடையும். எழுத்துரு செய்பவர் இதே புள்ளியை இறக்கினால் பத்தி எழுத்தில் வரும் ஆயிரக்கணக்கான ட்-களையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, 1978 எழுத்துச் சீர்திருத்தத்தோடு அச்சிலிருந்து போன துதிக்கை லை, னை, அதாவது ஐகாரக் குறி தனியே முன்னால் நிற்காமல் எழுத்தோடு சேர்ந்து துதிக்கைபோல் வளையும் பழைய வடிவம். சுவரில் இடம் போதாதபோது அது ஓர் எழுத்தின் அகலத்தையே மிச்சப்படுத்தும். பழமைப் பற்று என்று நினைக்கிறோம், பல நேரம் அது வெறும் இடக்கணக்கு. (ஓவியர் ஆதிமூலம் நூல் அட்டைகளுக்கு வரைந்த தலைப்புகளைப் பற்றித் தனி இழையே தொடங்கலாம். இங்கே வேண்டாம், பேச்சு திசைமாறிவிடும்.)

ஆகவே என் பரிந்துரை: வரையெழுத்து. வரைந்த, வரைகின்ற, வரையும் எழுத்து என மூன்று காலத்துக்கும் விரியும் வினைத்தொகை. வட்டெழுத்து, தலையெழுத்து என்று நமக்குப் பழகிய ஓசையும் இருக்கிறது. செய்பவர் வரையெழுத்தர், செயல் எழுத்து வரைதல்.

'வரை' என்றால் மலை, எல்லை என்றும் பொருள் உண்டே என்பீர்கள். வரைபடம், வரைகலை இரண்டிலும் யாரும் மலையைத் தேடவில்லை.

சிலம்பின் 'கண்ணெழுத்து' எனக்கும் பிடித்த சொல். ஆனால் புகார்த் துறையில் கிடந்த பொதிகள் மேல் வணிகர் பெயர் பொறித்த எழுத்து அது. இன்றைய கணக்கில் பார்சல் மார்க்கிங். ஸ்டென்சில் எழுத்துக்கு அதை எடுத்துவைத்துக்கொள்வோம்.

ஒரே ஒரு சிக்கல்தான் எனக்கே தீரவில்லை. வரையெழுத்தில் தொடங்கிப் பிறகு எழுத்துருவாக மாற்றப்பட்டவற்றை என்ன சொல்வது? 'வரையெழுத்துரு' வாயில் நுழையவில்லை. யாராவது கொஞ்சம் சுருக்கித் தாருங்கள்.

அன்புடன்