ரோடு போட்ட கணக்கு கேட்ட ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனுவுக்கு 41-வது நாளில் அரைகுறை பதில். மேல்முறையீடா, புது மனுவா?

கேட்பவர்: வடக்குத்தெரு

வணக்கம். எங்கள் ஊராட்சியில் போன வருடம் போட்ட சிமெண்ட் ரோடு இப்போதே விரிசல் விட்டிருக்கிறது. தமிழ்நாடு, ஊராட்சி ஒன்றிய அலுவலகம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒப்புகையோடு தபாலில் அனுப்பினேன். ஒப்புகையில் அவர்கள் பெற்ற தேதி ஜூன் 4. பதிலில் போட்டிருக்கும் தேதி ஜூலை 15, என் கைக்கு வந்தது ஜூலை 17. நான் கேட்டதும் அவர்கள் சொன்னதும்:

1. ரோடு ஏன் இவ்வளவு சீக்கிரம் விரிசல் விட்டது, யார் பொறுப்பு? – "வினா வடிவில் உள்ளதால் தகவல் அல்ல."
2. ஒப்பந்ததாரர் பெயர், கொடுத்த தொகை? – "பிரிவு 8(1)(ஜே)-ன்படி தனிநபர் தகவல், வழங்க இயலாது."
3. 2015 முதல் ஊராட்சியில் போட்ட எல்லா ரோடுகளின் எல்லா ஆவணங்களும் – "மிகுதியாக உள்ளது, நேரில் வந்து பார்வையிடலாம்."
4. இந்த ரோட்டின் எஸ்டிமேட், அளவுப் புத்தக நகல் – "90 பக்கம், 180 ரூபாய் செலுத்தவும்."

மனுவை எங்கள் இளைஞர் மன்ற லெட்டர்பேடில், மன்றத்தின் பெயரில்தான் அனுப்பினேன். அடுத்து என்ன செய்யலாம்?

பதில்: பச்சைமை

முதலில் அந்தத் தபால் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கடிதத்தில் என்ன தேதி போட்டிருந்தாலும், என்றைக்கு அனுப்பினார்கள் என்பதற்கு உறை மேலுள்ள தபால் முத்திரைதான் சாட்சி.

நான்கில் 4-ம் கேள்விதான் உங்களுக்கு நல்ல பிடி. அலுவலகம் மனுவைப் பெற்ற நாளிலிருந்து 30 நாள் என்றால் ஜூலை 4-ஓடு கெடு முடிந்தது. கெடு தாண்டினால் தகவலை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது பிரிவு 7(6). ஆகவே 180 ரூபாய் கட்டாதீர்கள். பக்கத்துக்கு 2 ரூபாய் என்ற கணக்கு சரிதான், ஆனால் அந்தக் கடிதம் 30 நாளுக்குள் வந்திருக்க வேண்டும். உள்ளே வந்திருந்தால், கடிதம் அனுப்பிய நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டும் நாள் வரை கெடுவில் சேராது. கெடு முடிந்த பிறகு பணம் கேட்பது எடுபடாது.

1-ம் கேள்வியை விட்டுவிடுங்கள், அவர்கள் சொன்னது சரி. கோப்பில் ஏற்கெனவே பதிவாகி இருப்பதுதான் தகவல். காரணமும் கருத்தும் எழுதித் தரும் கடமை பொதுத் தகவல் அலுவலருக்கு இல்லை. 2011-ல் ஆதித்யா பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. "ஏன்" என்று கேட்காமல் "ஆய்வறிக்கை இருந்தால் நகல் தரவும்" என்று கேளுங்கள். ஆய்வே நடக்கவில்லை என்றால் "அப்படி ஆவணம் இல்லை" என்று எழுத்தில் வரும். அந்த ஒரு வரி பின்னால் உங்களுக்கே உதவும்.

2-ம் கேள்வியை விடாதீர்கள். பொதுப்பணத்தில் நடந்த வேலைக்கு யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது அலுவலகத்தின் கணக்கு, ஒப்பந்ததாரர் வீட்டுக் கணக்கு அல்ல. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் மூலம் 8(1)(ஜே) திருத்தப்பட்டு, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. "சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததை எவருக்கும் மறுக்கக்கூடாது" என்று அதன் கீழே இருந்த வரி போய்விட்டது. இணையத்தில் கிடைக்கும் பழைய மேல்முறையீட்டு மாதிரிகளில் பாதி அந்த வரியை நம்பி எழுதியவை, அப்படியே எடுத்துப் போடாதீர்கள். அதற்குப் பதில் பிரிவு 8(2)-ஐப் பிடியுங்கள்: பாதிப்பைவிடப் பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்பது அப்படியே இருக்கிறது. வங்கிக் கணக்கு எண், ஆதார் போன்றவற்றை மறைத்துவிட்டு மீதியைத் தரும்படி பிரிவு 10-ஐயும் சேர்த்துக் கேளுங்கள்.

3-ம் கேள்வியில் எல்லா ரோடுகளின் எல்லா ஆவணங்களையும் கேட்டது நீங்களே வெட்டிய குழி. அதைக் கைவிடுங்கள்.

பதில்: ஒன்றியக்கரை

மேல்முறையீடு போட 30 நாள்தான் கெடு. "பதில் வந்தது ஜூலை 17, ஆகவே ஆகஸ்ட் 16 வரை நேரம் இருக்கிறது" என்று நினைத்துவிடாதீர்கள். பதில் தரும் கெடு முடிந்த ஜூலை 4-லிருந்தே எண்ணுவோரும் உண்டு, அப்படி எண்ணினால் ஆகஸ்ட் 3. அதற்குள் போய்ச் சேரும்படி அனுப்பினால் வாதமே இல்லை. முதல் மேல்முறையீட்டுக்கு இங்கே கட்டணம் கிடையாது. மேல்முறையீட்டு அலுவலர் யார் என்று பதில் கடிதத்திலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் "மேல்முறையீட்டு அலுவலர்" என்று பதவியை மட்டும் எழுதி அதே அலுவலக முகவரிக்கு அனுப்புங்கள், கடிதத்தில் அந்த விவரம் இல்லாததையும் ஒரு குறையாகச் சேருங்கள்.

மன்றப் பெயர் பிரச்சினைதான். சட்டம் உரிமை கொடுப்பது குடிமக்களுக்கு. அவர்கள் இதுவரை அதை எழுப்பவில்லை, நீங்களாக எழுப்ப வேண்டாம். இனி எழுதும் எல்லாவற்றிலும் உங்கள் பெயர், உங்கள் கையெழுத்து.

வடக்குத்தெரு

நன்றி. மேல்முறையீடு 2, 4-க்கு மட்டும் போடுகிறேன். கூடவே புது மனுவும் அனுப்பலாமா? இப்படி எழுதியிருக்கிறேன்: "வடக்குத் தெரு ரோடு சம்பந்தப்பட்ட முழு விவரங்களையும் தரவும்."

பதில்: பச்சைமை

அனுப்பலாம். ஆனால் "முழு விவரம்" என்று எழுதினால் ஒரு பக்கக் குறிப்பு எழுதி அனுப்பிவிட்டு முடித்துவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லுங்கள். ரோட்டோரம் வேலை விவரப் பலகை இருந்தால் திட்டத்தின் பெயர், நிதியாண்டு, தொகையை அதிலிருந்து எடுத்து மேலே எழுதிவிட்டு:

"மேற்படி பணியின் (அ) நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி ஆணைகள், (ஆ) மதிப்பீடு, (இ) வேலை உத்தரவு, (ஈ) அளவுப் புத்தகத்தில் இப்பணிக்கான பக்கங்கள், (உ) பட்டியல்கள் (பில்கள்), (ஊ) தரப் பரிசோதனை அறிக்கை, (எ) பணி நிறைவுச் சான்று ஆகியவற்றின் சான்றிட்ட நகல்."

இதில் எம்-புக் எனும் அளவுப் புத்தகம்தான் உயிர். நீளம், அகலம், கனம் மூன்றும் பெருக்கி அளவு போட்டிருப்பார்கள். உதாரணத்துக்கு 90 × 3 × 0.15 என்று இருந்தால் 40.5 கனமீட்டர் கான்கிரீட்டுக்குப் பில். குடிநீர்க் குழாய்க்கு வெட்டிய இடத்திலோ ரோடு முடியும் விளிம்பிலோ ஸ்கேல் வைத்துப் பாருங்கள். உள்ளே 10 சென்டிமீட்டர்தான் என்றால் கணக்கு 27-க்கு இறங்கும், 13.5 கனமீட்டர் காகிதத்தில் மட்டும் இருக்கிறது. ஓரிடத்தில் அளந்து முடிவுக்கு வராதீர்கள், நாலைந்து இடம் பாருங்கள். பிரிவு 2(ஜே)-ன்படி சான்றிட்ட மாதிரிப் பொருள் கேட்கவும் வழி இருக்கிறது. பலரும் அதைத் தொடுவதே இல்லை.

பதில்: களஞ்சியம்

3-ம் கேள்விக்கு "நேரில் வந்து பார்க்கலாம்" என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள், அதை வீணாக்காதீர்கள். எந்தத் தேதி, எத்தனை மணி என்று கேட்டு ஒரு கடிதம் போடுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமில்லை. எந்த ரோடுகளின் கோப்பு வேண்டும் என்று முன்கூட்டியே இரண்டு மூன்றைக் குறித்துக் கொடுங்கள், இல்லையென்றால் பாதி நேரம் கோப்பு தேடுவதிலேயே போய்விடும். வேண்டிய பக்க எண்களைக் குறித்து, அங்கேயே எழுதிக் கொடுத்து நகல் கேளுங்கள்.

கிராம சபையையும் விட்டுவிடாதீர்கள். 2022-லிருந்து வருடத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்களுக்கு அடுத்து வருவது ஆகஸ்ட் 15. ஊராட்சியின் வரவு செலவான படிவம் 30-ஐ அங்கே வைப்பார்கள். இந்த ரோட்டுக்குச் செலவு எந்தத் தலைப்பில் வருகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வாயால் கேட்டது தீர்மானப் புத்தகத்தில் ஏறாது, மனுவாக எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

வடக்குத்தெரு

மேல்முறையீட்டிலும் நகரவில்லை என்றால் தகவல் ஆணையத்துக்குப் புகாரா?

பதில்: ஒன்றியக்கரை

புகார் பிரிவு 18. அதில் அலுவலருக்குத் தண்டம் கிடைக்கலாம், உங்களுக்குத் தாள் கிடைக்காது. தகவல் தரச் சொல்லி அதில் உத்தரவிட முடியாது என்று 2011-ல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்களுக்கு வேண்டியது எம்-புக் என்பதால் பிரிவு 19(3), இரண்டாம் மேல்முறையீடு. முதல் மேல்முறையீட்டை முடிக்க அந்த அலுவலருக்கு 30 நாள், காரணம் எழுதினால் 45 வரை. அதன்பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. நாளுக்கு 250, அதிகபட்சம் 25,000 ரூபாய் என்ற தண்டத்தை அதே மனுவிலேயே பிரிவு 20-ன்படி கேட்டுவிடலாம். ஆணையத்தில் விசாரணைக்கு வர மாதக்கணக்கில் ஆகும், அதனால்தான் புது மனுவை இப்போதே போடச் சொல்கிறோம்.

இன்னொன்று: பதிவுத் தபாலை 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். கவுண்டரில் டெலிவரி ஒப்புகையும் வேண்டும் என்று தனியாகச் சொல்லி வாங்குங்கள்.