74 பாட்டில் நெயில் பாலிஷ், பாதி கெட்டியாகிவிட்டது: காப்பாற்ற வழி உண்டா?

அரக்கு_பார்டர் (மேற்கு மாம்பலம்)

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடம் முன்னால் நாத்தனார் கல்யாணத்துக்கு, என் அரக்குப் பட்டுக்குப் பொருத்தமாக ஒரு நெயில் பாலிஷ் தேடி ரங்கநாதன் தெருவில் நான்கு கடை ஏறி இறங்கினேன். மெரூன் இருந்தது, ரத்தச் சிவப்பு இருந்தது, அரக்கு மட்டும் இல்லை. ஐந்தாவது கடையில் ஒரு பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அங்கே பிடித்த பித்து. அதற்குப் பிறகு புடவை நிறமாகவே தேட ஆரம்பித்தேன்: மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, வெங்காயச் சருகு, மயில்கழுத்து. எம்.எஸ். ப்ளூ (எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டிய பட்டின் நீலம்) மட்டும் இன்றுவரை சிக்கவில்லை. நீலம் என்று வாங்கியதே ஒன்பது பாட்டில் இருக்கிறது, ஒன்றுகூட அந்த நீலம் இல்லை. இப்போது மொத்தம் 74.

எங்கள் ஹாலில் மேற்கு பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் இருந்த கொலு பொம்மைகளைப் பரணில் ஏற்றிவிட்டு (மாமியார் இன்னும் மன்னிக்கவில்லை) பாட்டில்களை நிறவாரியாக அடுக்கினேன். நாலு மணி வெயில் படும்போது மினுக்கு வகையெல்லாம் அப்படியே எழுந்து நிற்கும், காபியை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். அக்னி நட்சத்திரம் முடிந்து ஒரு நாள் திறந்து பார்த்தால் முப்பதுக்கு மேல் கெட்டி. ப்ரஷ்ஷைத் தூக்கினால் பாகு கம்பிப் பதம் வந்த மாதிரி இழுக்கிறது. நியான் பிங்க் ஒன்று வெளுத்து, பஞ்சுமிட்டாய் கலரில் நிற்கிறது. ஒரு பாட்டிலில் ரிமூவர் நாலு சொட்டு விட்டுப் பார்த்தேன். அன்றைக்கு இளகியது, போட்டுக்கொண்டால் பளபளப்பே இல்லை, மறுநாள் செதில் செதிலாக வந்துவிட்டது.

அப்புறம் இன்னொன்று. சும்மா அடுக்கி வைப்பதற்குப் பதில் நெயில் ஆர்ட் கற்றுக்கொள்ளலாம் என்று புள்ளி வைக்கிற குச்சி ஒரு செட் வாங்கினேன். இடது கையில் ஏதோ வருகிறது, வலது கையில் கோழி கிளறின மாதிரி இருக்கிறது. பூசினால் பாலிஷில் குட்டிக் குட்டியாகக் கொப்புளம் வேறு. மாமியார், "மருதாணி வெச்சுக்கோயேன், ஆறு மாசத்துக்கு அழியாது" என்கிறார். அவருக்கு இதெல்லாம் இன்னமும் 'க்யூடெக்ஸ்'தான்.

கெட்டியானதை மீட்க முடியுமா? சென்னை ஈரக்காற்றுக்கு இந்தப் பொழுதுபோக்கு சரிப்படுமா? வலது கைக்கு என்ன வழி?

*

அம்பத்தூர்_ஸ்ப்ரே_கன்

மேடம், நான் கார் பெயின்ட் பட்டறையில் 22 வருடம் இருந்தவன். என் பெண் உங்களை மாதிரியே பாட்டில் சேர்க்கிறவள், அதனால் இரண்டு பக்கமும் தெரியும்.

நெயில் பாலிஷும் பழைய கார் பெயின்ட்டும் ஒரே குடும்பம். 1920களில் கார்களுக்கு வந்த நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், நாங்கள் என்.சி. பெயின்ட் என்போமே, அதுதான் உங்கள் பாட்டிலில் படலம் பிடிக்கிற சரக்கு. இது காய்வது என்றால் கரைப்பான் ஆவியாகிப் போவது, அவ்வளவுதான். உள்ளே எந்த மாற்றமும் நடப்பதில்லை. அதனால் கெட்டியானது கெட்டுப்போனது இல்லை, போன கரைப்பானைத் திருப்பிக் கொடுத்தால் இளகிவிடும். எத்தில் அசிட்டேட்டும் பியூட்டில் அசிட்டேட்டும் கலந்த 'நெயில் பாலிஷ் தின்னர்' என்றே தனியாக விற்கிறார்கள், அதை வாங்குங்கள். இரண்டு மூன்று சொட்டு விட்டு, பாட்டிலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டி, பத்து நிமிஷம் விட்டுப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னும் ஒரு சொட்டு. குலுக்கவே குலுக்காதீர்கள், காற்று ஏறும். உங்கள் கொப்புளத்தில் பாதி அதுவாகத்தான் இருக்கும்.

ரிமூவர் விட்டது தப்பு. அதில் இருக்கிற அசிட்டோன் மிக வேகமாகப் பறக்கும், போதாததற்கு ரிமூவரில் தண்ணீர், எண்ணெய், வாசனை எல்லாம் கலந்திருக்கும். பட்டறையில் மழை நாளில் என்.சி. அடித்தால் பெயின்ட் வெள்ளையாகப் பூத்துப்போகும். கரைப்பான் வேகமாகப் போகும்போது மேற்பரப்பு சில்லிட்டு, காற்றில் இருக்கிற ஈரம் அதன் மேல் படிவதுதான் காரணம். உங்கள் நகத்தில் பளபளப்பு போனதிலும் அதற்குப் பங்கு இருக்கலாம். அந்த ஒரு பாட்டிலை மறந்துவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ஹார்டுவேர் கடை என்.சி. தின்னர் மலிவாக இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். அதில் டொலுவீன் இருக்கும், விரலில் போடுகிற பொருள் இல்லை அது. பாட்டில் லேபிளில் '3 ஃப்ரீ' என்று போட்டிருப்பதே டொலுவீன், ஃபார்மால்டிஹைடு, டைபியூட்டில் தாலேட் மூன்றும் இல்லை என்று சொல்லத்தான்.

யாரும் சொல்லாத விஷயம் பாட்டில் கழுத்து. ப்ரஷ்ஷை வழித்து வழித்து அங்கே ஒரு வளையம் காய்ந்து நிற்கும். மூடி அதன் மேல்தான் உட்காரும், இறுகாது, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவி போகும். ஒவ்வொரு தடவையும் மூடுவதற்கு முன்னால் பஞ்சில் துளி ரிமூவர் தொட்டுக் கழுத்தைத் துடையுங்கள் (உள்ளே விழாமல்). என் பெண்ணின் பாட்டில்கள் ஏழெட்டு வருடம் ஓடுவது இதனால்தான். அப்புறம் அந்த மேற்கு ஜன்னலை விட்டு முதலில் எடுங்கள். இருட்டான பீரோ, பாட்டில் நின்ற நிலையில். விளக்கு ஏற்றுகிற பூஜை அலமாரிக்கு அடியிலோ சமையலறையிலோ வேண்டாம். பக்கென்று பற்றுகிற பொருள், ஆன்லைனில் வாங்கினால் விமானத்தில் அனுப்பாமல் லாரியில் ஆடி அசைந்து வருவதும் இதனால்தான்.

*

ஊடுபுள்ளி

அக்கா, வலது கைக்கு நான் வழி சொல்கிறேன், நீங்கள் வலது கையில் வரையவே வேண்டாம்!

ஆவின் பால் கவரை வெட்டிக் கழுவித் துடைத்து, ஒரு அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். அதன் மேல் நிறமில்லாத டாப் கோட்டை நகத்தைவிடச் சற்றுப் பெரிதாகப் பூசி, காய்ந்ததும் அதன் மேல் டிசைன் போட்டு, மறுபடி ஒரு டாப் கோட். ராத்திரி முழுக்க விட்டுவிட்டால் காலையில் ஸ்டிக்கர் மாதிரி உரிந்து வரும், அந்தக் கவரில் பாலிஷ் பிடிக்காது. நகத்தில் ஒரு கோட்டிங் போட்டு, அது லேசாகப் பிசுபிசுக்கும்போதே ஒட்டி, சுற்றிலும் வெட்டி, மேலே டாப் கோட். பத்து விரலுக்கும் வரைவது உங்கள் வலது கைதான். நான் மார்கழியில் வாசலில் உட்கார்ந்து போடுகிற மாதிரி மேஜையில் வைத்து நிதானமாக வரைவேன்.

கோலம் போட வருமா உங்களுக்கு? வந்தால் பாதி வேலை முடிந்தது. அரக்குப் பூச்சின் மேல் வெள்ளைப் புள்ளி, பட்டுக்கு எடுப்பாக இருக்கும். 2-3-2, ஊடுபுள்ளி, மொத்தம் ஏழே புள்ளி. குண்டூசியைப் பென்சில் ரப்பரில் குத்திக்கொண்டு அதன் தலையால் வைத்தால் செட்டில் வருகிற குச்சியைவிட எனக்கு நன்றாக வருகிறது. ஒரு சொட்டு வெள்ளையைக் கவரில் விட்டு, தலையைத் தொட்டு, அழுத்தாமல் ஒற்றி எடுக்க வேண்டும். இரண்டு புள்ளிக்கு ஒரு தடவை மறுபடி தொடவில்லை என்றால் மூன்றாவது புள்ளி சிறுத்துவிடும். சிக்குக் கோலம் மட்டும் வேண்டாம், அந்த அளவில் கம்பி எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி இடியாப்பம் ஆகிவிடும், நான் ஆறு தடவை போட்டு அழித்தவள்.

கொப்புளத்துக்கு ஃபேனை நிறுத்துங்கள். சென்னையில் இது அக்கிரமமான யோசனைதான், வியர்த்து வழியும், ஆனால் பாலிஷின் மேல் படலம் காய்ந்து அடியில் ஈரம் மாட்டிக்கொண்டால் கொப்புளம் வரத்தான் செய்யும். மெல்லிசாக மூன்று கோட்டிங், நடுவில் ஐந்து நிமிஷம் இடைவெளி. பாத்திரம் தேய்த்த கையோடு, குளித்த கையோடு போடாதீர்கள். நகம் தண்ணீரில் ஊறிக் கொஞ்சம் விரிந்திருக்கும், காய்ந்து சுருங்கும்போது பாலிஷ் விரிசல் விடும்.

மயில்கழுத்து வைத்திருக்கிறீர்களே, அதைக் கறுப்பு அடியில் போட்டுப் பார்த்தீர்களா? தனியாகப் போட்டால் அழுக்கு நீலம் மாதிரி இருக்கிற பாட்டில்கூட, கறுப்புக்கு மேல் ஒரே ஒரு கோட்டிங் போட்டால் கையைத் திருப்பத் திருப்ப நீலமும் பச்சையும் மாறும், புடவையில் ஊடும் பாவும் இரண்டு நிறமாக ஓடுமே, அதே மாதிரி.

வெள்ளை டிசைனுக்கு எதிரி மஞ்சள்தூள். சாம்பார் சாதம் பிசைந்தால் ஒரே வேளையில் வெள்ளை பழுத்துவிடும். டாப் கோட்டை நகத்தின் நுனி விளிம்பிலும் இழுத்துவிட்டால் கொஞ்சம் தாங்கும். முழுக்கத் தப்பாது.

கெட்டியான எல்லாவற்றையும் நீர்க்க வைக்காதீர்கள், நல்ல அடர் நிறத்தில் இரண்டு மூன்றை விட்டுவையுங்கள். செதுக்கின உலோகத் தட்டில் தேய்த்து ரப்பர் முத்திரையால் ஒற்றுகிற ஸ்டாம்பிங்குக்குச் சற்றுக் கெட்டியானதுதான் அச்சு எழும்பும்.

*

கணக்குப்பிள்ளை_77

74 பாட்டிலா? அந்தக் காசை ஒழுங்காகச் சேர்த்திருந்தால் நாலு பவுன் வாங்கியிருக்கலாம்.

*

ஊடுபுள்ளி

பாட்டில் 100 ரூபாய் வைத்துக்கொண்டால்கூட 7,400. அதற்கு எந்தக் கடையில் நாலு பவுன் தருகிறார்கள் என்று சொல்லுங்கள் அண்ணே, நானும் வருகிறேன்.

*

நைட்_ஷிப்ட்_சிஸ்டர்

ஜெல் பாலிஷ் பக்கம் போய்விடுவீர்களோ என்று தோன்றியதால் எழுதுகிறேன். இது காய்வதில்லை என்ற அலுப்பில் நிறையப் பேர் அடுத்து விளக்கோடு வருகிற ஜெல் செட் வாங்குகிறார்கள். அது வேறு சரக்கு. அங்கே ஒளி பட்டு அக்ரிலேட் என்கிற ரசாயனம் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகிறது. சரியாக இறுகாமல் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வரும். என் தங்கைக்கு வந்தது. ஆன்லைனில் வாங்கிய ஒரு மலிவு செட், மூன்றாவது மாதம் நகத்தைச் சுற்றி அரிப்பு, தோல் உரிதல், விரல் நுனியில் பொடிப்பொடியாக நீர்க்கொப்புளம். தோல் டாக்டர் ஜெல்லை அடியோடு நிறுத்தச் சொன்னார். ஒருமுறை வந்த ஒவ்வாமை போகாது என்பது ஒரு பக்கம், பல் அடைக்கிற பொருளிலும் இதே குடும்பத்து ரசாயனம் உண்டு என்பதால் இனி பல் டாக்டரிடமும் சொல்லி வைக்க வேண்டும். ஜெல்லில் சேர்க்கிற டி.பி.ஓ. (TPO) என்கிற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனங்களில் தடை செய்திருக்கிறது. வாங்குவதானால் லேபிளைப் படியுங்கள்.

ஆபரேஷன் என்று அட்மிட் ஆனால் குறைந்தது ஒரு விரலையாவது வெறும் நகமாக விட்டுக் கூட்டி வாருங்கள் புண்ணியமாகப் போகும். கறுப்பு, நீலம், பச்சையெல்லாம் ஆக்சிஜன் பார்க்கிற கிளிப்பைக் குழப்பும். ராத்திரி இரண்டு மணிக்கு மினுக்கு பாலிஷ் அழிப்பது என் வேலை இல்லை.

*

அரக்கு_பார்டர்

எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து இப்போது வந்து நடந்ததைச் சொல்கிறேன்.

அலமாரியைக் காலி செய்து பாட்டில்களைப் பீரோ அடித்தட்டுக்கு மாற்றியாயிற்று, பொம்மைகள் இறங்கிவிட்டன, மாமியார் பேசுகிறார். கெட்டியானவை எண்ணிப் பார்த்ததில் 33. தின்னர் விட்டு 24 பிழைத்தது. ஐந்து பாட்டில் அடியில் கட்டிதட்டிப் போய் இளகவே இல்லை. மூன்றை ஸ்டாம்பிங்குக்கு என்று ஒதுக்கினேன். மீதி ஒன்று, ரிமூவர் விட்டதை, மறந்துவிட்டேன். கழுத்து விஷயம் அப்பட்டமான உண்மை, பிழைக்காத ஐந்திலும் வளையம் பட்டாணி கனத்துக்கு நின்றது, நான் நாள்தோறும் அதன் மேல்தான் மூடியிருக்கிறேன்.

ஒன்பது நீலத்தில் மூன்றைக் காலி பாட்டிலில் கலந்து எம்.எஸ். ப்ளூ முயற்சி செய்தேன். நேவி ப்ளூ பாதி, மயில் நீலம் கால், ஊதா ஏழெட்டுச் சொட்டு. பாட்டிலில் பார்த்தால் அதுவேதான். நகத்தில் போட்டு அம்மாவின் பழைய புடவைக்குப் பக்கத்தில் வைத்தால் ஸ்கூல் இங்க். ஊதா கூடிவிட்டது என்று நினைக்கிறேன்.

ஏழு புள்ளி பால் கவரில் நன்றாக வந்தது, உரிக்கும்போது இரண்டு கிழிந்தது, எட்டு விரலோடு ஒரு சீமந்தத்துக்குப் போய்வந்தேன்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். அந்த முதல் அரக்கு பாட்டில், அதன் மூடியே திறக்கவில்லை. கொதிக்கிற தண்ணீரில் போடலாமா?

*

அம்பத்தூர்_ஸ்ப்ரே_கன்

கொதிக்கிற தண்ணீரா, ஐயோ! கை பொறுக்கிற வெந்நீரை ஒரு டம்ளரில் எடுத்து, அடுப்பை விட்டு வேறு அறைக்கு வந்து, பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து மூடி மட்டும் முழுகுகிற மாதிரி இரண்டு நிமிஷம். துடைத்துவிட்டு மூடி மேல் ரப்பர் பேண்டு சுற்றித் திருகுங்கள். வரவில்லை என்றால் மறுபடி வெந்நீர், இடுக்கி போடாதீர்கள், கழுத்துக் கண்ணாடி உடையும்.

நீலத்துக்கு ஊதாவை நாலு சொட்டாகக் குறைத்துப் பாருங்கள்.