மாநாட்டு வேலையில் தலைமையோடு உரசிய அனுபவம் உண்டா? எழுதுங்கள்

ஆத்தங்குடிப் பெண்

நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் மாநாடு எப்படி நடக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். தலைவர், செயலாளர், பொருளாளர், அவர்களுக்குக் கீழே பெயர் இல்லாத ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். காரைக்குடியில் நடந்த மரபு மாநாடு, கைவினை அரங்கு என் பொறுப்பு.

எங்கள் ஊரில் கல் போடுகிற, அதாவது தரையில் பதிக்கும் பூ ஓடு செய்கிற ஒருவரை அழைத்து வந்திருந்தேன். காலையிலேயே வந்து கண்ணாடியைத் துடைத்து, அச்சை வைத்து, வண்ணங்களைக் கரைத்துத் தயாராக உட்கார்ந்திருந்தார். "இதோ இப்போது ஆத்தங்குடிக் கல் செயல்விளக்கம்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அவர் கண்ணாடியின் மேல் அச்சுக் கட்டங்களுக்குள் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று ஊற்றினார், அச்சை மெல்லத் தூக்கினார். பூ அப்படியே நின்றது. கூட்டம் எட்டிப் பார்த்தது.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். நன்கொடையாளர் ஒருவர் வந்துவிட்டாராம். பொன்னாடை, நினைவுப் பரிசு, வாழ்த்துரை. எங்கள் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினார், நிறுத்துங்கள் என்று.

கல் போடுவது தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அச்சை எடுத்துவிட்டால் கை ஓயக் கூடாது. மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை வைத்து மட்டம் தட்ட வேண்டும். அவர் கையில் ஒரு பிடி உலர் கலவையோடு குந்தியபடி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது விரலிடுக்கில் ஒழுகிக் காலடியில் சிறு குவியலாகச் சேர்ந்தது. நான் மேடையருகே போய், "ஐயா, கலவை இறுகிவிடும்" என்றேன். "கலை எங்கே ஓடிவிடப் போகிறது, இரம்மா" என்றார்.

வாழ்த்துரை ஒன்று அல்ல, நான்கு. முடிந்தபோது சாப்பாட்டு மணி. அவர் பூவைக் கரண்டியால் வழித்து வாளியில் போட்டுக் கண்ணாடியைக் கழுவினார். என் மனத்தை இன்னும் அறுப்பது அதுகூட அல்ல. பொருளாளர் பேசிய தொகையில் பாதிதான் கொடுத்தார். "செயல்விளக்கம் நடக்கவில்லையே" என்றார்.

பல்லவன் பயணி

ஆத்தங்குடிப் பெண் சொன்ன தலைவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கையசைப்பைத் தெரியும்.

எங்களுடையது கணினி மாணவர்கள் சேர்ந்து நடத்திய கட்டற்ற மென்பொருள் மாநாடு. தங்குமிடப் பட்டியலை நான்தான் வைத்திருந்தேன். யார் எந்த அறை, யாருக்குக் கீழ்த்தளம் வேண்டும், யார் கைக்குழந்தையோடு வருகிறார், எல்லாம். சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் வந்தவர்களை இரவு நிலையத்தில் பெயர்ப் பலகையோடு வரவேற்று ஆட்டோ ஏற்றிவிட்டேன். கடைசி ஆட்டோவில் நானும் போனேன். உடன் வந்தவர் பேச வந்த ஒரு பெண், தோளில் தூங்கும் குழந்தை.

விடுதிப் பையன் பேரேட்டைப் புரட்டிவிட்டு, "இந்த அறை கொடுத்தாகிவிட்டது" என்றான். யாருக்கு? விளம்பரம் கொடுத்த நிறுவனத்தாரின் ஓட்டுநருக்கு. "தலைவர் சாயங்காலமே போன் செய்தாரே, உங்களுக்குத் தெரியாதா?" என்று என்னையே கேட்டான்.

ஓட்டுநருக்கும் தூக்கம் வேண்டும், அதை மறுக்கவில்லை. தலைவருக்கு என் எண் தெரியும். நாளுக்கு எத்தனை முறை பதாகையின் நிறத்தைப் பற்றிப் பேசியிருப்பார்! அறையை மாற்றியதை மட்டும் விடுதிக்குச் சொல்லிவிட்டு என்னை விட்டுவிட்டார். அந்தப் பெண் எதுவும் பேசவில்லை. வரவேற்பறைச் சோபாவில் குழந்தையைக் கிடத்திவிட்டு, சென்னைக்குத் திரும்ப அடுத்த வண்டி எப்போது என்று கேட்டார். விடியற்காலை அதே பல்லவன்தான்.

முன்னாள் செயலாளர்

இரண்டு பதிவுகளையும் படித்தேன். இளையவர்களின் வருத்தம் புரிகிறது. ஆனால் பொன்னாடையை இவ்வளவு இளக்காரமாகப் பேசுவது சரியல்ல. அந்த நன்கொடையாளர் இல்லையென்றால் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் எங்கிருந்து வரும்? அவர் பினாங்கிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மெனக்கெட்டு வந்து நிற்கும்போது, "கல் காய்ந்துவிடும், சற்றுப் பொறுங்கள்" என்றா சொல்ல முடியும்?

என் அனுபவமும் ஒன்று உண்டு. மாநாட்டுக்கு முந்தைய இரவு, சட்டையில் சங்கத்தின் பெயர் பெரிதாக இருக்கிறது, தொண்டர்களின் கல்லூரிப் பெயர் இல்லை என்று பிள்ளைகள் கூட்டாக வாட்சாப் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார்கள். காலையில் பந்தி விசாரிக்க ஆள் இல்லை. இந்த வயதில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானே இலை போட்டேன். அதை யாரும் படம் எடுக்கவில்லை.

இனி மாநாடு நடத்துவோருக்குச் சில சொல்கிறேன். தை, மாசி, ஆவணியில் தேதி வைக்காதீர்கள். முகூர்த்த நாளில் மண்டபமும் கிடைக்காது, சமையல்காரரும் கிடைக்க மாட்டார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பொங்கலை ஒட்டித்தான் வருவார்கள் என்று தலைவர்கள் பிடிவாதம் பிடிப்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். சமையலை இலைக் கணக்கில் பேசுங்கள், ஆள் கணக்கில் பேசாதீர்கள். எண்ணும்போது இரு தரப்பிலும் ஒருவர் நிற்கட்டும். நன்கொடையை ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் கொடுத்தவருக்கு வருமானவரிச் சலுகை கிடைக்காது, முன்பே சொல்லிவிடுங்கள், பிறகு சண்டைக்கு வருவார்கள். கலை நிகழ்ச்சியை இரவு பத்துக்குள் முடியுங்கள், அதன்பின் ஒலிபெருக்கி வைத்தால் போலீஸ் வரும். மதுரையோ திருச்சியோ, விமானத்தில் வருகிறவருக்கு எப்படியும் சுமார் 90 கிலோமீட்டர் கார்ப் பயணம் உண்டு, அந்தச் செலவு யாருடையது என்று அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். தொண்டர்களுக்கு முதல் பந்தியிலேயே சாப்பாடு போடுங்கள். எல்லாரும் சாப்பிட்ட பிறகு ரசமும் மோரும் மட்டும் கிடைத்தால் எந்தப் பிள்ளையும் அடுத்த ஆண்டு வர மாட்டான். வவுச்சரில் கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபாய்கூட வெளியே போகக் கூடாது. இதையெல்லாம் பின்பற்றினால் பாதிச் சண்டை வராது.

ஆத்தங்குடிப் பெண்

செயலாளர் ஐயா, பணிவோடுதான் கேட்கிறேன். பொன்னாடையை நான் இளக்காரம் செய்யவில்லை. நிகழ்ச்சி நிரலில் அதற்கு நேரம் ஒதுக்கியிருந்தது, காலை தொடக்க விழாவில். அவர் தாமதமாக வந்தால் அந்தத் தாமதத்தை ஏன் அன்றாடக் கூலி வாங்குகிற ஒருவர் தலையில் கட்ட வேண்டும்? வவுச்சர் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவருடைய வவுச்சரில் முழுத் தொகையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் பாதியைக் கொடுத்தார்கள். மீதி எந்தக் கணக்கில் போயிற்று என்பதற்கு உங்கள் பட்டியலில் இடம் இருக்கிறதா?

நாட்டரசன்கோட்டை மருமகள்

தேதி பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். எங்கள் ஊரில் பொங்கலுக்கு அடுத்த செவ்வாய் என்ன நாள் என்று சுற்றுவட்டாரத்தில் குழந்தைக்கும் தெரியும். எங்கள் தலைவர் சரியாக அந்தச் செவ்வாயன்று மாலையில் தொண்டர்கள் அனைவரும் ஒத்திகைக்கு வர வேண்டும் என்று தகவல் அனுப்பினார். கண்ணாத்தாள் கோயில் வாசலில் பானை ஏற்றுகிற நேரம். "அய்யா, செவ்வாய்ப் பொங்கல்" என்றேன். "குடும்பத்தில் வேறு யாரும் இல்லையா, ஆச்சி?" என்றார். அவரும் நகரத்தார் சமூகத்தவர்தான், செவ்வாய்ப் பொங்கல் தெரிந்தவர்தான்!

போகவில்லை. போகாததற்குப் பரிசு அழைப்பிதழில் கிடைத்தது. மெய்ப்பு பார்க்க அச்சகத்துக்குப் போயிருந்தேன். நான் கொடுத்த பிரதியில் பதிவு, உணவு, போக்குவரத்து, கண்காட்சி என்று ஒவ்வொரு பொறுப்புக்கும் எதிரே ஒரு பெயர் இருந்தது. அச்சகக்காரர் எடுத்து நீட்டிய தாளில் அந்தப் பகுதி முழுவதும் பச்சை மையால் குறுக்கே அடிக்கப்பட்டு, ஓரத்தில் "தொண்டர் படை" என்று இரண்டே சொல். பச்சை மை யாருடையது என்பது எங்கள் சங்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அடித்த இடத்தில் "முன்னிலை" என்று புதிதாக ஒரு வரிசை. அதில் பாதிப் பேரை நான் ஒரு கூட்டத்தில்கூடப் பார்த்ததில்லை. "இடம் போதவில்லை என்றார்கள்" என்று அச்சகக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

செவ்வாய்ப் பொங்கலில் யார் பானை முதலில் என்பதற்குச் சீட்டுக் குலுக்குகிறார்கள். நூற்றுக்கணக்கான புள்ளிகள், அதாவது குடும்பங்கள், கோடீசுவரரும் இருப்பார், மாதச் சம்பளக்காரரும் இருப்பார். யார் சீட்டு வந்தாலும் சரி என்று நிற்கிறார்கள். அதே மனிதர்கள் அழைப்பிதழில் பெயர் மேலே வரவில்லை என்று மூன்று தடவை அச்சடிக்க வைக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

முன்னாள் செயலாளருக்கு ஒரு சொல். நன்கொடையாளரை மதிப்பதும் நேரத்தைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகை என்று யார் சொன்னது? இதே காரைக்குடியில் கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939இல் கம்பன் கழகத்தைத் தொடங்கி விழா எடுத்தார். குறித்த மணிக்குத் தொடங்கிக் குறித்த மணிக்கு முடிப்பார் என்பது ஊரறிந்த சேதி. அவருக்கும் புரவலர்கள் இருந்தார்கள். அவர்களும் பெரிய மனிதர்கள்தாம்.

தலைமைக்கும் வேலை செய்கிறவர்களுக்கும் இடையே இழுபறி பெரிய இடத்திலும் உண்டு. உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் எட்டாம் கூட்டம் 1995இல் தஞ்சாவூரில் நடந்தது. ஒன்பதாவதைக் கோவையில் நடத்தத் தமிழக அரசு 2009இல் முன்வந்து, சில மாதங்களிலேயே என்றது. அந்த மாநாடுகளை நடத்தும் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவராக இருந்த ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா, ஆய்வு மாநாட்டுக்குக் குறைந்தது ஓராண்டாவது வேண்டும் என்றார். கட்டுரை வாங்க வேண்டும், படிக்க வேண்டும், தேர்ந்தெடுக்க வேண்டும் அல்லவா? அரசு 2010 ஜூன் வரை தள்ளியது. அதுவும் போதாது என்று அவர் உறுதியாக நின்றுவிட்டார். முடிவில் அரசு உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு என்று வேறு பெயரில் கோவையில் நடத்தியது. முடியாது என்று சொல்லத் தலைவர் பதவியில் இருந்த ஒருவருக்கே அவ்வளவு பாடு என்றால், தொண்டர் எம்மாத்திரம்?

என் கதை சிறியது. கட்டுரைத் தேர்வுக் குழுவில் இருந்தேன். இணையத்திலிருந்து வரிக்கு வரி எடுத்த ஒரு கட்டுரையைத் தள்ளினோம். மாநாட்டன்று அது முதல் அமர்வில் இருந்தது. அமர்வுத் தலைவராக என்னை உட்கார வைத்திருந்தார்கள். வாசித்து முடித்த பையன் என் காலைத் தொட்டு வணங்கினான். அவன் அப்பா மாநாட்டு மலருக்கு முழுப்பக்க விளம்பரம் கொடுத்தவர். அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை, தள்ளப்பட்டது அவனுக்குத் தெரிந்திருக்காது.

வளவு வீட்டுப் பங்காளி

தலைவர் பக்கமும் பார்த்தாயிற்று, தொண்டர் பக்கமும் பார்த்தாயிற்று. வீட்டைக் கொடுத்தவன் பக்கத்தை யாரும் எழுதவில்லை.

எங்கள் பூர்வீக வீடு பல புள்ளிகளுக்குப் பொது. சென்னையில் இருக்கிற ஒரு பங்காளியிடம் தலைவர் பேசிச் சாவி வாங்கிவிட்டார். ஊரில் விளக்கேற்றுகிற எனக்குச் சேதியே இல்லை. காலையில் முகப்பில் பதாகை கட்டுகிறார்கள், தேக்குத் தூணில் ஆணி. ஓடிப்போய்ப் பிடுங்கச் சொன்னேன். "தலைவர் சொன்னார்" என்றான் ஏணியில் நின்ற பிள்ளை. தலைவரைக் கேட்டால், "ஆணி அடிக்க நான் எப்போது சொன்னேன்? இந்தப் பிள்ளைகளுக்குப் பொறுப்பே இல்லை" என்றார். பிள்ளை பக்கத்தில்தான் நிற்கிறான்.

மாலையில் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றிய இடத்தில் இருந்த இரும்பு நாற்காலிகளை எடுத்து வைக்கச் சொன்னார்கள். நான்கு நான்காக அடுக்கித் தரையோடு இழுத்தார்கள். ஆத்தங்குடிக் கல் தரை, என் அய்யா காலத்தில் போட்டது. ஆளோடியிலிருந்து இரண்டாம் கட்டு வரை ஒரே கோடாக வெள்ளைக் கீறல். தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன், மங்குகிறதே தவிரப் போகவில்லை. இழுத்த பிள்ளைகள் அதிகாலையிலிருந்து நின்றுகொண்டிருந்தவர்கள், தூக்கத் தெம்பு இல்லை. அதற்காகக் கீறல் மறைந்துவிடுமா?

பல்லவன் பயணி, நீங்கள் தொண்டர்களை ஒரேயடியாகத் தாங்குகிறீர்கள். உங்கள் மாநாட்டில் வீடு எதுவும் வாங்கவில்லை போலும்.

பல்லவன் பயணி

வீடு வாங்கவில்லை, கல்லூரி அரங்குதான். ஆனால் உங்கள் பதிவிலேயே விடை இருக்கிறதே. சாவி வாங்கிய விஷயம் உங்களுக்கும் தெரியாது, ஆணி அடிக்கக் கூடாது என்பது ஏணியில் நின்றவனுக்கும் தெரியாது. இரண்டும் தெரிந்தவர் ஒருவர்தான்.

வளவு வீட்டுப் பங்காளி

தெரியாதவன் தூணைப் பார்த்தால் தெரிந்துகொள்ள வேண்டாமா, தம்பி? பர்மாத் தேக்கில் ஆணி அடிக்க யாராவது சொல்லித்தர வேண்டுமா?

புதியவர், தேவகோட்டை

உங்கள் சண்டைக்கு நடுவே வருகிறேன், மன்னிக்கவும். வரும் ஆடியில் எங்கள் வட்டார வாசகர் மாநாடு. நான் பதிவுப் பொறுப்பு. இன்று காலை அழைப்பிதழ் மெய்ப்பு கைக்கு வந்தது. முன்னிலை வரிசையில் பதினேழு பெயர், மேடையில் போடக்கூடிய நாற்காலி ஒன்பது. செயலாளர் அதைப் பார்த்துவிட்டு, "அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். அன்றைக்கு வாசலில் நின்று பார்த்துக்கொள்ளப் போவது நான். மீதி எட்டுப் பேரிடம் என்ன சொல்வது என்று யாராவது அனுபவத்திலிருந்து சொல்லுங்கள். தேதி, இலைக் கணக்கு, வவுச்சர் எதுவும் வேண்டாம்.

முன்னாள் செயலாளர்

மேடையை நான்கு அடி அகலப்படுத்துங்கள். பந்தல்காரரிடம் நான் பேசுகிறேன்.