டாக்டர் ஹூ 11ஆம் சீசன்: ஷோரன்னர் மாறினால் இவ்வளவு மாறுமா?

செந்தில்:
2005ல மறுபடி ஆரம்பிச்ச பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடர் டாக்டர் ஹூவை 10ஆம் சீசன் வரைக்கும் பார்த்தாச்சு. 11ல நாலு எபிசோட் தாண்டியும் ஒட்டலை. டாக்டரா நடிக்கிறவர் மாறுறது இதுல சகஜம்தான். 2010ல டேவிஸ் போய் மாஃபட் வந்தப்போ ஷோரன்னரும் (கதைக்கும் தயாரிப்புக்கும் தலைமை தாங்குறவர்) மாறினார், ஆனா அப்போ இப்படித் தோணலை. 2018ல மட்டும் ஏன்? டேவிஸ் திரும்பி வந்த 2023க்கு நேராத் தாவிடலாமா?

மதி:
2010ல தலைமை மாறினாலும் கூட இருந்தவங்க பலர் மாறலை. மாஃபட் டேவிஸோட முதல் நாலு சீசனிலும் எழுதினவர். இசையமைப்பாளர் மர்ரே கோல்டும் தொடர்ந்தார். 2018ல ஷோரன்னரான சிப்னலும் வெளியாள் இல்லை, 2007லயே இந்தத் தொடருக்கு எழுதினவர்தான். ஆனா பொறுப்புக்கு வந்ததும் சுத்தி இருந்ததை எல்லாம் ஒரே நேரத்துல மாத்திட்டார். 11ஆம் சீசன்ல அவரைத் தவிர எழுதின அஞ்சு பேரும் தொடருக்குப் புதுசு. டைரக்டர்களும் புதுசு. இசை செகுன் அக்கினோலா. திரையோட அகல விகிதம்கூட மாறிடுச்சு. 12 எபிசோட் 10 ஆச்சு, சனிக்கிழமை ஞாயிறு ஆச்சு. பழைய வில்லன் இனம் ஒண்ணுகூட அந்தப் பத்துல கிடையாது. தொடரோட பிரபல வில்லன் இனமான டாலெக் வந்ததே 2019 புத்தாண்டு ஸ்பெஷல்லதான்.

என் கணக்குல பெரிய பிரச்சினை கூடப் போற ஆட்கள்தான். ஐம்பது நிமிஷக் கதையில டாக்டரோட மூணு பேர். கதையை நகர்த்தவே நேரம் போயிடுது, அதுல ஒருத்தியான யாஸுக்கு வசனம்னு பார்த்தா பெரும்பாலும் கேள்வி கேட்கிறதுதான்.

முழுசாத் தாவாதீங்க. 12ஆம் சீசன்ல 5, 8, 9, 10 பாருங்க. டாக்டரோட பிறப்பையே மாத்தி எழுதுறாங்க. திரும்பி வந்த டேவிஸ் அதை அழிக்கலை, 2023 ஸ்பெஷல்ஸ்ல அதைப் பத்திப் பேசுறாங்க. அப்புறம் 13ஆம் சீசன் ஆறு எபிசோடும் ஒரே கதை, அதோட 2022 அக்டோபர் ஸ்பெஷல். முன்னாடி டாக்டரா நடிச்ச டெனன்ட் திரும்ப வர்றது அங்கேதான்.

அருள்மொழி:
ஆள் மாறியதால் தேறிய தொடரும் உண்டு. ஸ்டார் ட்ரெக் நெக்ஸ்ட் ஜெனரேஷன் என்ற விண்வெளித் தொடரில் 1989இல், மூன்றாம் சீசனில், எழுத்துப் பொறுப்பு மைக்கேல் பில்லரிடம் வந்தது. ஏஜென்ட் இல்லாதவர்களும் ஸ்கிரிப்ட் அனுப்பலாம் என்று கதவைத் திறந்துவிட்டார். ரொனால்ட் மூர் என்ற எழுத்தாளர் உள்ளே வந்ததும் அப்போதுதான். அந்த சீசனின் ஐந்தாவது எபிசோட் அவருடையது. விண்கப்பல் ஆட்களுக்குள் சண்டை கூடாது என்ற, ஸ்டார் ட்ரெக்கை உருவாக்கிய ராடன்பெரியின் விதியை வைத்துக்கொண்டே, ஒவ்வொரு கதையையும் ஒரு பாத்திரத்தின் கதையாக எழுதவைத்தார் பில்லர். முதல் இரண்டு சீசனை வைத்து அந்தத் தொடரை எடை போடுவது அநியாயம்.

கணேஷ்:
ரெண்டு பேர் சொன்னதும் சரி, ஆனா பணம் ஷோரன்னர் கையில இல்லை. இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரான என்டர்பிரைஸோட நாலாவது சீசனைப் பாருங்க. 2004ல மானி கோட்டோ பொறுப்பேத்தப்போ பட்ஜெட்டைக் குறைச்சுட்டாங்க, ஃபிலிம் போய் டிஜிட்டல் கேமரா வந்துடுச்சு. மனுஷன் அதுக்கேத்த மாதிரி ரெண்டு மூணு எபிசோடுக்கு ஒரு கதைன்னு பிரிச்சார். ஒரு செட் போட்டா மூணு எபிசோடுக்கு ஓடும். கதைக்கும் மூச்சு விட இடம் கிடைச்சது: வல்கன்கள்ங்கிற வேற்றுகிரக இனம் பத்தி மூணு எபிசோட், 1966 ஸ்டார் ட்ரெக் தொடர்ல கிளிங்கான்கள்ங்கிற இன்னொரு இனத்துக்கு நெத்தி மேடு ஏன் இல்லைங்கிறதுக்கு ரெண்டு.

எவ்வளவு நல்லா எழுதியும் 22 எபிசோடோட கதவைச் சாத்திட்டாங்க. அதுலயும் கடைசி எபிசோடை எழுதினது கோட்டோ இல்லை, தொடரை உருவாக்கின பெர்மனும் பிராகாவும். நெக்ஸ்ட் ஜெனரேஷன் பாத்திரமான ரைக்கரைக் கொண்டுவந்து ஹோலோடெக்ல (நிஜம் மாதிரி காட்சிகளை உருவாக்குற அறை) முடிச்சாங்க. அதுக்கு முந்தின 21ஆவது எபிசோடோட நிறுத்திக்கிறதுதான் என் சிபாரிசு.

செந்தில்:
நன்றி மதி, அந்த லிஸ்ட் போதும். அருள்மொழி, நெக்ஸ்ட் ஜெனரேஷனை மூணாவது சீசன்லயே ஆரம்பிச்சா கதை புரியுமா?

அருள்மொழி:
புரியும். இரண்டாம் சீசனின் 9, 16 மட்டும் முதலில் பாருங்கள். 16இல்தான் போர்க் என்ற வில்லன் இனம் முதன்முறையாக வருகிறது. அந்த சீசனின் கடைசி எபிசோட் பழைய காட்சிகளின் ஒட்டுவேலை, அதைத் தொடவே வேண்டாம்.