மாங்காய் மண்டி கம்ப்யூட்டரும் முந்தின நாள் பில்லும்

காவேரிப்பட்டணத்தில் தெரிந்த அண்ணன் ஒருவரின் மாங்காய் மண்டியில் பழைய டெஸ்க்டாப் ஒன்று உண்டு. பில் போட விண்டோஸ் அப்படியே இருக்க வேண்டும், மகன் படிக்க லினக்ஸும் வேண்டும் என்றார். இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் டெபியன் என்ற லினக்ஸ் வகையை ஏற்றிய லைவ் பென்டிரைவோடு போனேன்.

இன்ஸ்டால் பாதியில் நின்றது. டெர்மினலில் மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கும் ஆப்ட் அப்டேட் கட்டளையைக் கொடுத்தால், அந்தப் பட்டியலின் ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை, இத்தனை நாள் கழித்துத்தான் செல்லும் என்று வந்தது. பிரவுசரைத் திறந்தால் எல்லாத் தளமும் சான்றிதழ் பிழை. நெட் கோளாறு என்று நினைத்து ஒரு மணி நேரம் ரவுட்டரோடு மல்லுக்கட்டினேன். மூலையில் இருந்த கடிகாரம் மணியை மட்டும் காட்டியதால் தேதி மேல் சந்தேகமே வரவில்லை.

மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போனால் 2009 ஜனவரி 1! மின்சாரம் இல்லாதபோதும் தேதியைக் காக்கும், மதர்போர்டில் இருந்த சிஆர்2032 பேட்டரி செத்திருந்தது. மண்டியில் ராத்திரி மெயினை அணைத்துவிட்டுப் போவார்கள், தினமும் தேதி அழிந்துகொண்டிருந்தது. ஆனால் லினக்ஸில் 2009 தெரியவில்லை. லினக்ஸைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி, தான் உருவான நாளுக்கு முந்தைய தேதிக்குக் கடிகாரத்தைப் போகவிடாது. அதனால் சில மாதம் பழைய தேதிதான் இருந்தது, நான் ஏமாந்ததும் அங்கேதான். அந்த வைஃபையில், நெட் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் என்டிபிக்கான யுடிபி 123 போர்ட்டும் அடைபட்டிருந்தது. மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டதும் நேரம் தானாகச் சரியானது.

புது பேட்டரி போட்டு, ஹெச்டபிள்யூக்ளாக் கட்டளையால் நேரத்தை மதர்போர்டில் எழுதி, இன்ஸ்டாலை முடித்தேன். சரி, வேலை ஆயிற்று என்று கிளம்பினேன்.

இரண்டாம் நாள் அண்ணன் போன். "தம்பி, காலையில அஞ்சு மணிக்குப் போட்ட பில்லெல்லாம் முந்தின நாள் தேதியில விழுது. விவசாயிங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

பதறிப்போனேன். லினக்ஸ் மதர்போர்டில் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தை வைக்கும், அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கும். ஐந்தரை மணி நேரம் பின்னால் போனால், விடியற்காலை 5 மணி முந்தின இரவு 11:30 ஆகிவிடும். சீசன் நேரத்தில் அது சின்னத் தப்பு இல்லை.

டைம்டேட்சிடிஎல் கட்டளையில் செட்-லோக்கல்-ஆர்டிசி 1 கொடுத்து, மதர்போர்டில் உள்ளூர் நேரத்தையே வைக்கும்படி லினக்ஸை மாற்றியிருக்கலாம், ஆனால் அந்தக் கட்டளையே வேண்டாம் என்று எச்சரிக்கும். அதனால் விண்டோஸும் யுடிசி என்றே படிக்கும்படி, அதன் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ரியல்டைம்இஸ்யூனிவர்சல் மதிப்பை 1 ஆக்கினேன். அப்புறம் அவரோடு உட்கார்ந்து பழைய பில்கள் ஒவ்வொன்றிலும் தேதியைத் திருத்தினோம். மொத்தம் 17.